பதுங்கும் இடத்தை இன்றே முடிவு செய்யுங்கள்

புயல் நமக்குப் பழக்கம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும், அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், நாலு நாள் தொலைக்காட்சியில் அது நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம், பிறகு கரையைக் கடக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் நான் அமெரிக்காவின் நடுப்பகுதிக்குக் குடிவந்தேன். இடிமேகத்திலிருந்து தரைவரை சுழன்றடிக்கும் டொர்னாடோ அந்த இனமே இல்லை என்று முதல் வசந்தத்திலேயே புரிந்தது. எச்சரிக்கை வந்ததிலிருந்து காற்று வந்து சேர சராசரியாகப் பத்து நிமிடம் கிடைக்கும். சில நேரம் அதுவும் கிடைக்காது. அந்தப் பத்து நிமிடத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. முன்பே யோசித்து வைத்திருந்ததைச் செய்யத்தான் நேரம் இருக்கும்.

(தமிழில் சூறாவளி என்று எழுதினால் கடல் புயலும் இதுவும் மனதில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதனால் டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.)

அப்போது நாங்கள் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது தளத்தில் இருந்தோம். ஏப்ரல் மாதம், மதியம் முழுக்க ஒட்டும் வெக்கை. ஆறு மணி வாக்கில் மேற்கு வானம் கருத்து, பச்சை பூத்த மாதிரி ஆனது. ஊரில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் வாசலுக்கு வந்து நின்று பார்ப்போம் இல்லையா? நானும் கைக்குழந்தையோடு பால்கனியில் போய் நின்றேன். சைரன் கேட்டது, தீயணைப்பு வண்டி என்று நினைத்துக்கொண்டேன். தரைத்தளத்தில் தனியாக வசித்த ஒரு வயதான அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்து கதவைத் தட்டினார். "குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் குளியலறைக்கு வா, இப்போதே வா" என்றார். நாற்பது நிமிடம் அவருடைய குளியல்தொட்டிக்குள் மூவரும் உட்கார்ந்திருந்தோம், தலைக்கு மேல் ஒரு மெத்தையைப் பிடித்துக்கொண்டு. டொர்னாடோ எங்களுக்குச் சில மைல் வடக்கே போய்விட்டது. அன்று அவர் எனக்குச் செய்ததை இங்கே உங்களுக்குச் செய்யப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்

வாட்ச், வார்னிங். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்கிற பெரிய பிழை. டொர்னாடோ வாட்ச் என்றால் டொர்னாடோ உருவாவதற்கு வானிலை தோதாக இருக்கிறது, அடுத்த சில மணி நேரம் கவனமாக இருங்கள் என்று பொருள். ஓக்லஹோமா மாநிலம் நார்மனில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம் இதை வெளியிடுகிறது. பல கவுன்ட்டிகளை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றாகச் சேர்த்து வெளியிடுவார்கள். டொர்னாடோ வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே பதுங்குங்கள் என்று பொருள். இதை உங்கள் வட்டாரத்துத் தேசிய வானிலைச் சேவை அலுவலகம் தரும். 2007 அக்டோபரிலிருந்து கவுன்ட்டி முழுவதற்கும் என்று சொல்லாமல், வரைபடத்தில் கோடு போட்டு, ஆபத்தில் இருக்கும் பகுதிக்கு மட்டும் வார்னிங் தருகிறார்கள். ஆகவே உங்கள் வீடு அந்தக் கோட்டுக்குள் இருந்தால் அது உங்களுக்கு வந்த செய்தி. பக்கத்து ஊருக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில நாட்கள் முன்னதாகவே அந்த மையம் ஐந்து படிகளில் ஆபத்தைச் சொல்லும்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. மாடரேட் என்று கேட்டதும் "நடுத்தரம்தானே" என்று என் தோழி ஒருத்தி வெளியூர்ப் பயணம் கிளம்பிவிட்டாள். அது ஐந்தில் நான்காவது படி, ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமே வருவது. பெயரை விடுங்கள், பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் 3 வந்தாலே அன்று சாயங்காலம் எங்கே இருப்பீர்கள் என்று வீட்டில் பேசி வைத்துவிடுங்கள்.

எங்கே பதுங்குவது

பேஸ்மென்ட், அதாவது தரைக்கு அடியில் ஒரு தளம், இருந்தால் அங்கேதான். உறுதியான மேசையின் அடியிலோ படிக்கட்டின் கீழோ உட்காருங்கள். மேல்தளத்தில் ஃப்ரிட்ஜ், பியானோ மாதிரி கனமான பொருள் எதற்கும் நேர் கீழே இருக்கக்கூடாது. தென்மேற்கு மூலைதான் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது பழைய நம்பிக்கை.

பேஸ்மென்ட் இல்லாத வீடுகள்தான் இங்கே பல ஊர்களில் அதிகம். அப்படியானால் கீழ்த்தளத்தில், வீட்டின் நடுவில், ஜன்னல் இல்லாத, இருப்பதிலேயே சின்ன அறை. குளியலறை, துணி வைக்கும் க்ளாசெட், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இடம், எதுவானாலும் சரி. உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எத்தனை சுவர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டொர்னாடோவில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது பறந்து வரும் பலகை, கண்ணாடி, ஓடு, ஆணி. அதைத் தடுக்கத்தான் அத்தனை சுவர்.

மாடி அடுக்ககத்தில் இருப்பவர்கள் இன்றைக்கே கீழ்வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். அறிமுகமில்லாதவர் கதவைத் தட்ட நமக்குக் கூச்சமாக இருக்கும். "வார்னிங் வந்தால் நாங்கள் நாலு பேர் உங்கள் வீட்டுக்கு வரலாமா?" என்று வெயில் அடிக்கும் ஒரு நாளில் கேட்டுவிட்டால், இருட்டிய பிறகு கூசி நிற்க வேண்டியதில்லை. நான் கேட்ட யாரும் இதுவரை மறுத்ததில்லை. அதுவும் முடியாவிட்டால் கட்டடத்தின் தரைத்தள உள்நடை. லிஃப்ட் வேண்டாம், மின்சாரம் போனால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

மொபைல் ஹோம் என்கிற நகர்வீட்டில் இருப்பவர்களுக்கு நான் கெஞ்சிச் சொல்வது, வார்னிங் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்த வீடு எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும் சின்ன டொர்னாடோவிலேயே புரண்டுவிடும். வாட்ச் வந்த உடனே திடமான கட்டடத்துக்கோ ஊர்ப் பதுங்குமிடத்துக்கோ போய்விடுங்கள். வீட்டுக்குள்ளேயே இறப்பவர்களில் பெரும் பங்கு நகர்வீடுகளில் இருந்தவர்கள்தான்.

எங்கள் க்ளாசெட்

இப்போது எங்களுக்கு இரண்டு மாடி வீடு, பேஸ்மென்ட் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு க்ளாசெட் உண்டு. வீடு வாங்கிய அன்றே "டொர்னாடோ வந்தால் இங்கே" என்று கை காட்டிவிட்டு மறந்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்து வார்னிங் வந்தபோது கதவைத் திறந்தால் உள்ளே ஏழு சூட்கேஸ், ஒரு வாக்குவம் கிளீனர், பழைய தொட்டில். ஒரு பூனை நுழைய இடமில்லை. சூட்கேஸ்களை ஹாலில் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் ஆலங்கட்டி மோத ஆரம்பித்தது. அன்றைக்கும் தப்பித்தோம்.

அந்த வாரமே எல்லாவற்றையும் கராஜுக்கு மாற்றினோம். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை காலை என் கணவர் கைபேசியில் நேரம் வைக்க, வீட்டிலிருந்த ஐந்து பேரும் ஒத்திகை பார்த்தோம். ஊரிலிருந்து அத்தை ஆறு மாதத்துக்கு வந்திருந்தார், மூட்டுவலிக்காரர். மேல்மாடி அறையிலிருந்து க்ளாசெட்டுக்கு வந்து சேர எங்களுக்கு ஆறு நிமிடம் நாற்பது விநாடி ஆனது. பத்து நிமிடம்தான் கணக்கு என்னும்போது இது எனக்குப் பயமாக இருந்தது. நேரம் எங்கே போனது என்று பார்த்தோம். அத்தை படி இறங்க மூன்று நிமிடம். செருப்பு தேட ஒரு நிமிடம். சின்னவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான், அவனை வெளியே எடுக்க மீதி.

என்ன மாற்றினோம் என்றால், வாட்ச் வந்த அன்று இரவு அத்தைக்குப் படுக்கை கீழ்த்தளத்தில்தான். க்ளாசெட்டில் அவர் உட்கார ஒரு தாழ்ந்த ஸ்டூல், தரையில் உட்கார்ந்தால் அவரால் எழ முடியாது. ஐந்து ஜோடி மூடிய காலணி அங்கேயே ஒரு கூடையில். சின்னவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம், விசில் அவன் கையில், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிச் சொல்வது அவன் பொறுப்பு. வேலை வந்ததும் ஒளிவது நின்றது. மூன்றாவது ஒத்திகையில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. உங்கள் வீட்டிலும் நேரம் வைத்துப் பாருங்கள். நம்மால் சட்டென்று போய்விட முடியும் என்பது எல்லா வீட்டிலும் இருக்கும் நினைப்பு.

உள்ளே என்ன இருக்க வேண்டும்

நீளமான பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். நான் முக்கியம் என்று நினைப்பதை மட்டும் சொல்கிறேன்.

காலணி. டொர்னாடோ முடிந்து வெளியே வருபவர்கள் நடக்கப்போவது உடைந்த கண்ணாடியிலும் ஆணியிலும். வெறுங்காலோடு வீட்டுக்குள் இருக்கும் நமக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

ஹெல்மெட். 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவை டொர்னாடோக்கள் சிதைத்த பிறகு, பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைக்காயத்தைத் தடுக்க ஹெல்மெட் அணியச் சொல்லி வலியுறுத்தினார்கள். பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட் போதும், பெரியவர்களுக்கும் ஒன்று வாங்கி வையுங்கள். கைக்குழந்தையை அதன் கார் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டுக் கொண்டுபோங்கள். கையில் பிடித்திருந்தால் காற்று பறித்துவிடும்.

விசில். இடிபாட்டில் சிக்கினால் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிடும், விசில் ஊத மூச்சு இருந்தால் போதும்.

இவற்றோடு டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், மூன்று நாளைக்கான மருந்து. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 3.8 லிட்டர், மூன்று நாள் கணக்கு. அது க்ளாசெட்டில் இடம் பிடிக்க வேண்டாம், வீட்டில் எங்காவது இருக்கட்டும்.

நம்மைப் போல் விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாக. பாஸ்போர்ட், விசா ஒப்புதல் தாள், பச்சை அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு நீர்புகாத உறையில், பதுங்கும் இடத்திலேயே இருக்கட்டும். வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், இந்தக் காகிதங்களை ஒவ்வொன்றாக மறுபடி வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. எல்லாவற்றையும் படம் எடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். அப்படியே வீட்டு அறைகளையும் ஒரு சுற்று வீடியோ எடுத்துவிடுங்கள், காப்பீட்டுக்கு உதவும்.

எச்சரிக்கை உங்களை வந்து சேர்கிறதா?

உங்கள் கவுன்ட்டியின் பெயர் என்ன? மாநிலத்தையும் ஊரையும் சொல்லிவிடுகிறோம், கவுன்ட்டியைக் கேட்டால் விழிக்கிறோம். தொலைக்காட்சியில் கவுன்ட்டி பெயரைத்தான் ஓட்டுவார்கள். உங்கள் கவுன்ட்டியோடு, அதற்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இருக்கும் கவுன்ட்டிகளின் பெயரையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். இந்தப் புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வரும், ஆகவே அந்தப் பெயர்கள் ஒலித்தால் அடுத்தது நீங்கள்.

சைரனை நம்பிப் படுக்காதீர்கள். அது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஜன்னலை மூடி ஏசி ஓடும் அறையில், இடியும் மழையும் சேர்ந்த இரவில் அது கேட்காது. கைபேசியில் அரசு அவசர அறிவிப்புகள் இயங்குகின்றனவா என்று இப்போதே அமைப்புகளில் பாருங்கள். குழந்தை விழித்துக்கொள்கிறது என்று ஒருமுறை நாங்கள் அதை அணைத்துவிட்டோம், ஒரு பருவம் முழுவதும் அது அணைந்தே கிடந்திருக்கிறது.

கைபேசிக் கோபுரமே விழுந்தாலும் கேட்கக்கூடியது வானிலை வானொலி. சின்னப் பெட்டி, பேட்டரியும் போடலாம். உங்கள் கவுன்ட்டிக்கான ஆறு இலக்க எண்ணைப் பதித்துவிட்டால் மற்ற நேரம் வாய் திறக்காது, வார்னிங் வந்தால் வீட்டையே எழுப்பிவிடும். வாரம் ஒருமுறை, பெரும்பாலும் புதன்கிழமை, சோதனை ஒலி வரும். அதை வைத்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். படுக்கையறையில் வையுங்கள். இரவில் வரும் டொர்னாடோ பகலில் வருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் உயிர் குடிக்கக்கூடியது. 2021 டிசம்பர் 10 இரவு கென்டக்கியின் மேஃபீல்ட் நகரத்தை அழித்த டொர்னாடோ 160 மைலுக்கும் மேல் தரையோடு ஓடியது. டிசம்பர் மாதம் என்பதையும் கவனியுங்கள். வசந்தம் முடிந்துவிட்டது என்று வானொலியை எடுத்து உள்ளே வைக்காதீர்கள்.

போய்ப் பார்க்காதீர்கள்

2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்ளின் நகரில் 158 பேர் இறந்தார்கள். பிறகு வானிலைச் சேவை செய்த ஆய்வில் தெரிந்தது, முதல் சைரனுக்குப் பலர் உடனே பதுங்கவில்லை. அடிக்கடி ஒலித்துப் பழகிவிட்டதால், உண்மைதானா என்று இன்னொரு அத்தாட்சி தேடினார்கள். வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டார்கள், அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அந்த டொர்னாடோ மழைத்திரைக்குள் மறைந்து வந்தது. பார்த்தவர்களுக்குத் தும்பிக்கை போலத் தொங்கும் சுழல் எதுவும் தெரியவில்லை, கருப்பாக ஒரு மழைதான் தெரிந்தது.

இந்த ஒரு இடத்தில்தான் நம் பழக்கம் நமக்கு எதிரி. மழையைப் பார்க்க வாசலுக்குப் போகும் கால் நமக்கு. வார்னிங் வந்ததும் அந்தக் காலைத் திருப்பி க்ளாசெட்டுக்குப் போங்கள். பதுங்கி உட்கார்ந்த பிறகு கைபேசியில் ரேடாரைப் பாருங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? பத்து வார்னிங்கில் எட்டு உங்களைத் தொடாமல் போகலாம். எட்டு முறையும் அரை மணி நேரம் க்ளாசெட்டில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று சொல்வார்கள். தவறு. காற்றை உள்ளே விட்டால் கூரை இன்னும் எளிதாகத் தூக்கும். அந்த நேரத்தில் ஜன்னல் பக்கமே போகாதீர்கள். முழங்காலிட்டு, குனிந்து, கழுத்தையும் தலையையும் கைகளால் மூடி, மேலே மெத்தையோ தடித்த போர்வையோ போர்த்திக்கொள்ளுங்கள்.

காரில் இருந்தால்

காரில் ஏறித் தப்பிவிடலாம் என்று நினைத்து வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 2.6 மைல் அகலத்துக்கு ஒரு டொர்னாடோ வந்தது. பதிவானவற்றில் அதுவே மிக அகலமானது. தப்பி ஓடக் கிளம்பியவர்களால் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொண்டன. டொர்னாடோ ஆய்விலேயே வாழ்நாளைக் கழித்த டிம் சமராஸ், அவர் மகன் பால், உடன் பணியாற்றிய கார்ல் யங் மூவரும் அன்று தங்கள் காரில்தான் இறந்தார்கள். அத்தனை தெரிந்தவர்களுக்கே கார் காப்பு ஆகவில்லை.

ஏற்கெனவே சாலையில் இருந்தால், நேரம் இருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் திடமான கட்டடத்துக்குள் போங்கள். அங்கே கழிப்பறைப் பக்கம், கூரை அகலமாக விரிந்த கூடம் வேண்டாம். மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் ஒருபோதும் நிற்காதீர்கள். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி நின்றவர்களில் மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் அடியில் காற்று இடுங்கி, வேகம் கூடி, ஆளை உருவி எடுக்கும். வேறு வழியே இல்லையென்றால் பெல்ட்டைப் போட்டபடி கண்ணாடி மட்டத்துக்குக் கீழே குனிந்து தலையை மூடுங்கள். அல்லது சாலையை விடத் தாழ்ந்த பள்ளம் தெரிந்தால், வெள்ளம் இல்லையென்றால், அதில் குப்புறப் படுங்கள். இரண்டுமே நல்ல வழி இல்லை.

டொர்னாடோ வராமலே போகலாம், ஆனால் அதே புயலில் நேர்க்காற்று (சுழலாமல் ஒரே திசையில் வீசும் பெருங்காற்று), ஆலங்கட்டி, திடீர் வெள்ளம் மூன்றும் உண்டு. 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவில் வீசிய நேர்க்காற்று டொர்னாடோ இல்லாமலே சீடர் ரேப்பிட்ஸ் நகரத்தின் மரங்களைச் சாய்த்துப் போட்டது. கடும் இடிமழை வார்னிங் வந்தாலும் ஜன்னல் ஓர அறைகளை விட்டு, மரம் விழ வாய்ப்பில்லாத பக்கத்துக்கு வந்துவிடுங்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள், ஓர் அடி ஆழம் பல கார்களை மிதக்கவிடப் போதும்.

கடந்து போன பிறகு

வார்னிங் நேரம் முடிந்தது என்று அறிவித்த பிறகே வெளியே வாருங்கள், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழற்சிகள் வருவது உண்டு. எரிவாயு வாசனை அடித்தால் விளக்குச் சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், தூரத்திலிருந்து அவசர உதவியை அழையுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி எதுவானாலும் மின்சாரம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

ஜெனரேட்டர் இரவல் வாங்கினால் அதை வெளியில், கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். கராஜுக்குள், கதவைத் திறந்து வைத்தாலும் வேண்டாம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. புயலைத் தாண்டிய குடும்பங்கள் அதற்குப் பிறகு தூக்கத்திலேயே இறந்திருக்கின்றன.

மறுநாளே கூரை சரிசெய்பவர்கள் என்று கதவைத் தட்டி, காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தோடு பேசும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சேதத்தைப் படம் எடுத்த பிறகு, மழை உள்ளே வராமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், அந்தச் செலவுக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

பிள்ளைகள் சில நாட்கள் இடிச்சத்தத்துக்கே அழுவார்கள். எங்கள் சின்னவன் ஒரு வாரம் அந்த க்ளாசெட்டில்தான் படுப்பேன் என்றான், படுக்கை போட்டுக் கொடுத்தோம். எட்டாம் நாள் அவனே தலையணையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். போவதற்கு முன் விசிலைக் கூடையில் வைத்து, காலணிகள் ஐந்து ஜோடியும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுப் போனான்.